வேண்டாம் என்று எழுதும் வேலை

மார்ச் 3, திங்கள்

தண்ணீர்க் கேன் போடுபவர் இன்று மூன்றாம் மாடி வரை ஏறி வந்து, கேனை வாசலில் இறக்கி, கொஞ்சம் யோசித்து, மறுபடி தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பழைய பாக்கி தீர்ந்தால்தான் புதுத் தண்ணீராம். அந்த நேரம் உள்ளே கூட்ட அறையில் முதலாளி பன்னிரண்டு விமானங்கள் வாங்குவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. தண்ணீர்க்காரர் காதில் விழாமல் இருந்திருக்காது.

நான் இங்கே சேர்ந்து இரண்டு மாதம். பல வருஷம் ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள், இப்போது குறைந்த கட்டண விமான நிறுவனம் ஒன்றுக்கு விமானிகளைத் தேர்ந்தெடுக்கிறேன். நிறுவனம் புதுசு. விமானம் இன்னும் வரவில்லை. முதலாளி முன்பு குளியலறை ஓடு வியாபாரம் செய்தவர். எதையும் சதுர அடியில்தான் யோசிப்பார். ஒரு இருக்கைக்கு இத்தனை சதுர அடி என்றால் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார். சொன்னேன். நின்றுகொண்டு வந்தால் எத்தனை பேர் என்று கேட்டார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் எல்லோரும் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தோம்.

மார்ச் 6, வியாழன்

முதல் விமானித் தேர்வு.

இதைச் சிமுலேட்டரில் வைத்துச் செய்ய வேண்டும். விமானம் மாதிரியே ஆடி அசைகிற பயிற்சி அறை அது. வாடகைக்கு எடுக்க முன்பணம் கட்டவில்லை. அதனால் பெரிய கேப்டன் கூட்ட அறைச் சுவரில் விமானியறைப் படம் ஒன்றை ஒட்டி, முன்னால் இரண்டு நாற்காலி போட்டார். பெரிய கேப்டன்தான் எங்கள் தலைமை விமானி. வேறு இடத்தில் ஓய்வு பெற்று வந்தவர். தினமும் தொப்பியோடு வருவார், தொப்பியை மேஜைமேல் வைப்பார், மாலையில் எடுத்துக்கொண்டு போவார்.

வந்தவர் பெரிய நிறுவனத்தில் துணை விமானி. பெரிய நிறுவனம் என்று எழுதினால் போதும், இந்த ஊரில் வேறு எதையும் யாரும் நினைக்கமாட்டார்கள். நல்ல உயரம், மடிப்புக் கலையாத சட்டை. நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். பெரிய கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து வாயாலேயே இன்ஜின் சத்தம் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பாதிச் சத்தத்தை நிறுத்தினார். "இடது இன்ஜின்ல தீ" என்றார்.

அந்தப் பிள்ளை பதறவில்லை. என்னென்ன செய்ய வேண்டுமோ வரிசையாகச் சொல்லிக்கொண்டே கையை நீட்டிப் படத்திலிருந்த ஒரு பிடியை இழுத்தார். படம் ஒட்டுநாடாவோடு பெயர்ந்து அவர் மடியில் விழுந்தது.

"அதை அப்படியே பிடிச்சுக்கிட்டு இறக்குங்க" என்றார் பெரிய கேப்டன்.

மடியில் விமானத்தை வைத்துக்கொண்டு இறக்கினார். அருமையாக இறக்கினாராம். நூற்றுக்கு நூறு.

போகும்போது என்னிடம், இரட்டைக் குழந்தைகள் பிறந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றார். எப்போது ராஜினாமா கொடுக்கலாம் என்று கேட்டார். பதில் வரும் என்றேன். தண்ணீர்க் கேன் ஞாபகம் வந்து தொலைத்தது.

மார்ச் 7, வெள்ளி

நிதி மேலாளரைப் போய்ப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். யாராவது ஒரு அறையை விட்டு எழுந்தால் பின்னாலேயே போய் விளக்கை அணைப்பவர். கம்பெனி நிலைமை எப்படி என்று கேட்டேன்.

"உங்களுக்கு எவ்வளவு உண்மை வேணும்?"

"சம்பளம் வரைக்கும் போதும்."

"அப்படின்னா ஜூன்" என்றார்.

ஜூனில் என்ன என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நான் எழுந்ததும் விளக்கை அணைத்துவிட்டார். அவர் உள்ளேதான் இருந்தார்.

மார்ச் 10, திங்கள்

காலையிலிருந்து கணினி முன்னால். கம்பெனியின் பண விஷயம் எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையிடம் ‘தம்பி, இருக்கிற இடத்திலேயே இரு’ என்று சொல்ல முடியாது. எனக்கு எழுத அதிகாரம் இருப்பது இரண்டே வார்த்தை: வேண்டும், வேண்டாம்.

வேண்டாம் என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தை நிரப்பாமல் அனுப்ப முடியாது. ‘நெருக்கடியில் பொருட்களைக் கையாளும் விதத்தில் முன்னேற்றம் தேவை’ என்று போட்டேன். ஒட்டுநாடா சரியில்லாததற்கு ஒரு மனுஷனைக் குறை சொல்லிவிட்டேன். ஆனால் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் பவுடர் வாங்க அவனுக்குச் சம்பளம் வரும்.

பெரிய கேப்டன் பார்த்தார். தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார்.

மார்ச் 21, வெள்ளி

இந்த வாரம் மட்டும் ஏழு பேருக்கு வேண்டாம். ஒருவருக்குக் குரல் மெலிசு. ஒருவருக்கு நம்பிக்கை அதிகம். ஒருவர் கடிகாரத்தை வலது கையில் கட்டியிருந்தார். காரணம் கிடைக்காமல் அதையும் எழுதினேன்.

ஆனால் விமானிகளே இல்லாமலும் இருக்க முடியாதே. அதனால் எனக்குள்ளேயே ஒரு விதி வைத்துக்கொண்டேன். வேலையில் இருப்பவர் யாரும் வேண்டாம், இழக்க ஒன்றும் இல்லாதவர்கள் மட்டும் வேண்டும். இதுவரை மூன்று பேர் தேறியிருக்கிறார்கள். முன்பு வேலை பார்த்த நிறுவனம் மூடிப்போய் இப்போது நீச்சல் கற்றுக்கொடுக்கிற கேப்டன் ஒருவர். டாக்சி ஓட்டுகிற துணை விமானி ஒருவர். சரக்கு விமானம் ஓட்டிக்கொண்டிருந்து, இப்போது வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிற பெண்மணி ஒருவர். அந்த அம்மா தேர்வின்போது பெரிய கேப்டனின் இன்ஜின் சத்தத்தையே திருத்தினார். இந்த ரக விமானத்துக்கு இவ்வளவு கரகரப்பு இருக்காதாம்.

ஏப்ரல் 2, புதன்

விண்ணப்பங்கள் குறையும் என்று நினைத்தேன். கூடிவிட்டது. எப்படி?

இன்று ஒருவர் போனில் கேட்டுவிட்டார். அவர் வேலை பார்க்கும் இடத்தில் எல்லோரும் எங்களைப் பற்றித்தான் பேசுகிறார்களாம். "உங்ககிட்ட செலக்ட் ஆகறது அவ்வளவு கஷ்டமாமே மேடம். எங்க ஆளுங்கள்ல பெஸ்ட் ஆளையே திருப்பி அனுப்பிட்டீங்களாமே." குரலில் அப்படி ஒரு மரியாதை. கோபித்துக்கொண்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 9, புதன்

பத்திரிகையில் வந்துவிட்டது. பத்து பேர் வந்தால் ஒன்பது பேரைத் திருப்பி அனுப்பும் புது விமான நிறுவனம் என்று தலைப்பு. முதலாளி கூட்ட அறையில் எல்லோரையும் நிற்க வைத்துச் சத்தமாகப் படித்தார். நிருபர் பணம் பற்றியும் கேட்டாராம். "காசு இல்லாத கம்பெனி இவ்வளவு பேரை வேண்டாம்னு சொல்லுமா?" என்று திருப்பிக் கேட்டாராம் இவர். நிருபருக்குப் பதில் தெரியவில்லை. அதையும் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள்.

பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். சட்டம் போடுபவர் முன்பணம் கேட்டதால் ஒட்டுநாடாவால் ஒட்டியிருக்கிறது.

மத்தியானம் நிதி மேலாளர் என் மேஜைக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னார். "நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியலை. ஆனா நிறுத்திடாதீங்க. அக்டோபர் வரைக்கும் வந்துட்டோம்."

வங்கியில் கெடு நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்களாம். நான் ஆட்களைக் காப்பாற்றத் துரத்துகிறேன், துரத்தத் துரத்தக் கம்பெனி பிழைத்துக்கொண்டே போகிறது. அப்படியானால் துரத்த வேண்டிய அவசியம் என்ன? துரத்துவதை விட்டால் செத்துவிடுமே. தலை வலிக்கிறது. மாத்திரை போட்டுப் படுத்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பயந்தது நடந்துவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொழுந்தன் வந்தான். எனக்குக் கல்யாணம் ஆனபோது பள்ளிக்கூடப் பையன். இப்போது பெரிய நிறுவனத்தில் பதினோரு வருஷமாகத் துணை விமானி. அங்கே கேப்டன் ஆவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முன்னால் நிற்பவர் நகர்ந்தால்தான் பின்னால் நிற்பவர் நகரலாம். "முன்னாடி இருக்கறவங்க ஒண்ணு ரிட்டையர் ஆகணும், இல்ல போய்ச் சேரணும். ரெண்டுமே மெதுவா நடக்குது அண்ணி" என்று எப்போதும் சிரிப்பான். இன்று சிரிக்கவில்லை. எங்கள் நிறுவனத்துக்குக் கேப்டன் பதவிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். என்னிடம் முன்பே சொன்னால் சிபாரிசு என்று ஆகிவிடும் என்று சொல்லவில்லையாம்.

என் வீட்டுக்காரர் பல்செட் செய்பவர். சாப்பாட்டு மேஜையின் ஒரு ஓரம் எப்போதும் அவருடைய அச்சுகள் இருக்கும். இன்றும் யாரோ ஒருவருடைய மேல் வரிசை எங்களைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது. அவர் தம்பி முதுகில் தட்டிக்கொடுத்தார். "வீட்டுலயே ஆள் இருக்கு, உனக்கு என்னடா கவலை" என்றார்.

நான், அவசரப்பட வேண்டாம், இருக்கிற இடம் நல்ல இடம் என்று இழுத்தேன்.

"நீங்க மட்டும் போகலாமா அண்ணி?" என்றான்.

போன மாதம்தான் வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறான். ஓரகத்தி திரைச்சீலைக்குத் துணி பார்க்க என்னையும் கூப்பிட்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சொந்தக்காரன் என்பதால் நான் அறையில் உட்காரவில்லை. வெளியே நின்றிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் பெரிய கேப்டனின் இன்ஜின் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பிறகு இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

அவன் போன பிறகு பெரிய கேப்டன் வெளியே வந்தார். வந்தவர்களிலேயே இவன்தான் சிறந்தவன் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க ஏன் எல்லாரையும் திருப்பி அனுப்பறீங்கன்னு எனக்குத் தெரியும்மா. இவனையுமா?" என்று கேட்டார்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"எனக்கும் சம்பளம் பாதிதானே வருது."

அப்புறம் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, வீட்டில் இருந்தால் அவர் மனைவி சமையலறைப் பக்கம் வரவிடுவதில்லை, ஹாலில் இருந்தாலும் குறுக்கே இருக்கிறீர்கள் என்கிறாள் என்றார்.

ஏப்ரல் 24, வியாழன்

வேண்டாம் என்று எழுதினேன்.

காரணம். குரல், கடிகாரம் என்று ஏதாவது போட்டால் அவன் சும்மா இருக்கமாட்டான். சரி செய்துகொண்டு மறுபடி வருவான், நேரே முதலாளியிடம் போவான். முதலாளி அன்றைக்கே சேர்த்துக்கொள்வார். அவன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? ‘கேப்டனுக்கு வேண்டிய தலைமைப் பண்பு போதாது’ என்று எழுதினேன்.

அனுப்பிவிட்டேன். திரும்பப் படிக்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

வீட்டுக்காரர், பல்செட்டை அரத்தால் ராவிக்கொண்டே, தலை நிமிராமல்: "தலைமைப் பண்பு இல்லைன்னு எழுதினியாமே."

ஆமாம் என்றேன்.

ராவிக்கொண்டே இருந்தார். பாவம், யாருடைய பல்லோ, நேரம் ஆக ஆகச் சின்னதாகிக்கொண்டே போனது.

மே 4, ஞாயிறு

கொழுந்தன் வரவில்லை. ஓரகத்தி போனை எடுப்பதில்லை. இரண்டு தட்டு கூடவே எடுத்து வைத்துவிட்டேன், பழக்கத்தில். திரும்ப அலமாரியில் வைத்தேன்.

மே 12, திங்கள்

வீட்டுக்காரர் என்னோடு பேசுவது இப்போது காரியத்துக்கு மட்டும். கேஸ் தீர்ந்துவிட்டது. சாவி எங்கே. இன்று நானே ஆரம்பித்தேன். சொல்ல முடியாத காரணம் ஒன்று இருக்கிறது என்றேன். அப்படி என்ன காரணம் என்றார். அதைத்தான் சொல்ல முடியாது என்றேன். சொல்லும்போதே எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

"அவன் பதினோரு வருஷமா அங்க கேக்கறதும் இதேதான். நீ இல்லை, நீ இல்லை. வீட்டுலயும் அதையே கேக்கணுமா?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் தூங்கிவிட்டார். நல்லதுதானே பண்ணேன். நல்லதுதானே?

ஜூன் 5, வியாழன்

விமானம் வந்துவிட்டது. குத்தகைக்குத்தான், ஒன்றே ஒன்று. வந்ததை நம்பமுடியாமல் எல்லோரும் போய்ப் பார்த்தோம். இடது பக்கம் முழுக்க எங்கள் ஆரஞ்சு நிறம், எங்கள் பெயர். வலது பக்கம் வெறும் வெள்ளை. பெயிண்ட் கம்பெனிக்குக் கொடுத்த பணம் அவ்வளவுக்குத்தான் வந்ததாம்.

இன்று முதலீடு செய்ய யோசிக்கிற ஒரு அம்மா வந்தார். பம்புசெட் தொழிற்சாலை வைத்திருப்பவர். பருமனான உடம்பு, வேகமான நடை. முதலாளி இடது பக்கம் பார்த்தபடி நாற்காலிகள் போட்டு வைத்திருந்தார். என் விமானிகள் ஐந்து பேரும் சீருடையில் வரிசையாக. நீச்சல் மாஸ்டருக்குச் சட்டை தோளில் இறுக்கம். டாக்சிக்காரர் பழக்கதோஷத்தில் அந்த அம்மாவின் கார்க் கதவைப் போய்த் திறந்துவிட்டார்.

இவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஐந்தே பேரா என்று அந்த அம்மா கேட்டார். முதலாளி பத்திரிகைக் கதையை எடுத்துவிட்டார். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம், நாற்காலியில் உட்காராமல், விடுவிடுவென்று விமானத்தின் மூக்கைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டார்.

நாங்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றோம். நிதி மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்து, "அந்தப் பக்கம் ஏன் பெயிண்ட் இல்லை?" என்று கேட்டார்.

முதலாளி ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. "பயணிகள் ஏறுறது இடது பக்கம் மட்டும்தானேம்மா. இது குறைஞ்ச கட்டண விமானம். பார்க்காத பக்கத்துக்கு எதுக்குச் செலவு?"

அந்த அம்மா யோசித்தார். நிறைய நேரம் யோசித்தார். "பம்புக்கு நாங்க அடியிலயும் பெயிண்ட் அடிக்கறோம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். போய்க் காரில் ஏறினார்.

சாயங்காலம் போன் வந்தது. பணம் போடுகிறாராம். வலது பக்கம் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை.

ஜூலை 14, திங்கள்

முதல் பயணம். உரிமம் வந்து, சோதனையெல்லாம் முடிந்து, நிஜமான மனிதர்கள் நிஜமான பெட்டிகளோடு வந்தார்கள். நானும் ஒரு இருக்கையில்.

நீச்சல் மாஸ்டர் வாசலில் நின்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெண், "மாஸ்டர், நீங்க எங்க இங்க?" என்று நின்றுவிட்டார். அவருடைய மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவராம். ஓட்டப்போவது நான்தான் என்றார் இவர். அந்தப் பெண் உள்ளே வந்து பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னார், அவர் பின்னாலிருப்பவரிடம் சொன்னார். கடைசி வரிசை போய்ச் சேரும்போது விஷயம், விமானி வராததால் நீச்சல் மாஸ்டர் ஓட்டுகிறார் என்று ஆகியிருந்தது. ஒரு பெரியவர் எழுந்து பெட்டியை இறக்கினார். பெரிய கேப்டன் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்று, நீச்சல் மாஸ்டருக்கு ஆகாயத்தில் இருக்கும் அனுபவத்தை எடுத்துச் சொன்னார். பெரியவர் கேட்டுவிட்டு, "எனக்கு நீச்சல் தெரியாது, அதான் கேக்கறேன்" என்றார். ஆனாலும் உட்கார்ந்துவிட்டார்.

பறந்தது. சும்மா பூப்போல இறங்கியது. எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெள்ளைப் பக்கம்தான் கிடைத்திருந்தது.

பறக்கிறது. அப்படியானால் நான் கொழுந்தனுக்குச் செய்தது?

ஆகஸ்ட் 8, வெள்ளி

எரிபொருள் வண்டி இன்று விமானம் வரை வந்து, பக்கத்தில் நின்று, திரும்பிப் போய்விட்டது. நான் நிதி மேலாளரிடம் அக்டோபர் என்றீர்களே என்றேன்.

"பறக்காம இருந்திருந்தா அக்டோபர். பறக்க ஆரம்பிச்சுட்டோமே" என்றார்.

ஆகஸ்ட் 20, புதன்

பெரிய நிறுவனம் எங்களை வாங்கிவிட்டது.

முதலாளி கேக் வெட்டினார். எல்லோருக்கும் வேலை இருக்கும், ஆனால் ஒவ்வொருவரையும் அவர்கள் கூப்பிட்டுப் பேசி முடிவு செய்வார்கள் என்றார். ஏன் வாங்கினார்கள் என்றால், அவர்களுடைய விமானிகள் எங்களிடம் வரிசையில் நிற்பதைப் பார்த்துப் பயந்துவிட்டார்களாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருந்தால் தண்ணீர்க் கேன்கூட இருந்திருக்காது. முதலாளி அடுத்தது கப்பல் பக்கம் போகிறார். கப்பலில் சதுர அடி நிறைய.

செப்டம்பர் 9, செவ்வாய்

வீட்டுக்காரர் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பி கேப்டன் ஆகிவிட்டானாம்.

வாங்கிய சின்ன விமானத்துக்குக் கேப்டன்கள் வேண்டும் என்று பெரிய நிறுவனத்தில் கேட்டிருக்கிறார்கள். வரிசையில் முன்னால் இருந்த ஒருவரும் வரவில்லை. பாதி பெயிண்ட் அடித்த விமானத்தில் போய் உட்காருவதா என்று கௌரவம். இவன் கையைத் தூக்கியிருக்கிறான். என் கம்பெனிக்குத்தான் வருகிறான். நான் எந்தப் பதவிக்கு லாயக்கில்லை என்று எழுதினேனோ அதே பதவிக்கு.

சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியாததால் டீ போட எழுந்தேன். ஆட்களைப் பார்த்து முடிவு செய்கிற குழுவில் அவனையும் போட்டிருக்கிறார்கள் என்று பின்னாலிருந்து சொன்னார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அதே கூட்ட அறை. சுவரில் ஒட்டுநாடாவின் நாலு தழும்பு. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: பெரிய நிறுவனத்தின் பணியாளர் துறை அம்மாள், கணக்குப் பார்ப்பவர் ஒருவர், கொழுந்தன். அவன் தோளில் கேப்டனுக்கான நாலு பட்டை. ஏப்ரலுக்குப் பிறகு இப்போதுதான் அவன் முகத்தை நேராகப் பார்க்கிறேன். கொஞ்சம் இளைத்திருக்கிறான்.

தான் உறவு என்று அவன் முன்பே சொல்லிவிட்டானாம். அந்த அம்மாள், அதற்காக நீங்கள் எழுந்து போக வேண்டாம், ஆள் எண்ணிக்கை குறைந்தால் கூட்டம் செல்லாது, பேசாமல் மட்டும் உட்காருங்கள் என்று சொல்லியிருக்கிறார். பேசாமல் உட்கார்ந்திருந்தான். கணக்குக்காரர் ஏதோ கேட்டார், ஏதோ சொன்னேன்.

பிறகு அம்மாள் கேட்டார்: பத்துக்கு ஒன்பது பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். காரணங்களைப் படித்தேன். வலது கையில் கடிகாரம் கட்டுவது குற்றமா?

கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கம்பெனியே இப்போது இல்லை. சொன்னேன். ஜூனைத் தாண்டாது என்று நினைத்தேன், நல்ல வேலையை விட்டுவிட்டு யாரும் இங்கே வந்து நடுத்தெருவில் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லத்தான் வழி இல்லை, வேண்டாம் என்று மட்டும்தான் எழுத முடிந்தது என்றேன்.

அம்மாள் தன் காகிதங்களைப் புரட்டினார். திருப்பி அனுப்பியவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் ஆட்கள் என்றார். பக்கத்தில் கணக்குக்காரரிடம், இந்த அம்மா நம்மிடம் வேலை பார்க்காமலே நமக்கு வேலை பார்த்திருக்கிறார் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். கணக்குக்காரர் அதை எழுதிக்கொண்டார்.

"வேற கேள்வி இல்லைன்னா முடிச்சுக்கலாம்" என்று அம்மாள் எழப் போனபோது, கொழுந்தன் பேசினான்.

"எனக்கு மட்டும் ஏன் அதை எழுதினீங்க அண்ணி?"

ஆபீஸில், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து, அண்ணி என்றான். பேசக் கூடாது என்று அம்மாள் ஞாபகப்படுத்தவில்லை.

"வேற எது எழுதினாலும் நீ திரும்பி வந்திருப்பே. அதை எழுதினா வரமாட்டேன்னு தெரியும்" என்றேன். "எங்க குத்தினா நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் குத்தினேன். அது உண்மைன்னு ஒரு நாளும் நினைச்சதில்லை."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கணக்குக்காரர் இதையும் எழுதலாமா என்று அம்மாளிடம் கேட்டார். வேண்டாம் என்றார் அம்மாள்.

செப்டம்பர் 18, வியாழன்

என் வேலை இருக்கிறது. அதே வேலை, அதே மேஜை. பெரிய கேப்டனையும் வைத்துக்கொண்டார்கள். சிமுலேட்டருக்கு முன்பணமும் கட்டியாயிற்று. அவருக்குத்தான் கொஞ்சம் வருத்தம், இனி சத்தம் கொடுக்க ஆளே வேண்டாமே என்று.

கொழுந்தனிடமிருந்து ஒன்றும் இல்லை. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவனுக்குக் கோபம் வந்தா சாப்பிடமாட்டான், அதான் இளைச்சிருக்கான்" என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் போன். கொழுந்தன். பின்னால் விமான நிலையத்தின் அறிவிப்புக் குரல்.

"அண்ணி, துணை விமானிக்கு உடம்பு சரியில்லையாம், வரலை. ஆள் ஏறிட்டாங்க. சும்மா நிக்கறேன். யாராவது இருக்காங்களா?"

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, யாரைப் பிடிப்பது என்று என் வாய்க்கு வந்ததை உளறினேன். கண்ணாடியைத் தேடினேன், போன் நம்பர்களைத் தேடினேன். டாக்சிக்காரர் நேற்றுத்தான் பறந்தார், இன்று ஓய்வு. பெரிய நிறுவனத்து ஆட்களில்தான் யாரையாவது கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் யார், எவ்வளவு நேரத்தில் வருவார், இந்த விமானம் பழக்கம் இருக்கிறதா, எல்லாம் கலந்து அவனிடமே கேட்டேன்.

"யாரா இருந்தாலும் சரி அண்ணி" என்றான். கொஞ்சம் நிறுத்தினான். "நீங்க வேண்டாம்னு எழுதின ஆளா இருந்தா ரொம்ப நல்லது."

இரட்டைக் குழந்தைக்காரரைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.